விகிதம் 52 என்றால் ப்ரீஎக்லாம்ப்சியா உறுதியா?

வணக்கம் சகோதரி. 31 வாரம், பிரஷர் 146/94, சிறுநீரில் புரதம் இல்லை, எஸ்எஃப்எல்டி-1/பிஎல்ஜிஎஃப் விகிதம் 52 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) உறுதி என்று சொல்ல முடியாது.

எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் இரண்டும் நஞ்சுக்கொடியிலிருந்து உங்கள் ரத்தத்தில் கலக்கும் புரதங்கள். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டால் முதல் புரதம் ஏறும், இரண்டாவது இறங்கும். விகிதம் 38-க்குள் என்றால் அடுத்த ஒரு வாரத்தில் நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு. 34 வாரத்துக்கு முன் 85-ஐத் தாண்டினால் வலுவான சந்தேகம். உங்களுடையது நடுவில். இந்தப் பரிசோதனை 'இல்லை' என்று சொல்வதில்தான் கெட்டி. 2016-இல் வெளியான ப்ராக்னோசிஸ் ஆய்வில், 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது சுமார் 37 சதவீதம் பேருக்குத்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம்) எதையும் காணோமே? நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரில் புரதம் இல்லாவிட்டாலும், பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே போனாலோ கல்லீரல் என்சைம் இரு மடங்கானாலோ ப்ரீஎக்லாம்ப்சியா என்றே எடுத்துக்கொள்வார்கள். குழந்தையின் வளர்ச்சி ஸ்கேனும், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் அவசியம்.

விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, பிரஷர் 160/110: இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.