டாரி ஏன் விழித்திருந்தான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எஸ்.இ.ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை 14 வயதில் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அதுதான். இப்போது அந்த வயதுப் பிள்ளைகளுக்காக நானும் எழுத முயல்கிறேன். அவரது நடையைக் கற்றுக்கொள்ளலாம் என்று மறுபடி எடுத்து, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ‘எளிய மொழி, சின்ன வாக்கியங்கள், நட்பு, ஏழை பணக்காரர் பகை’ என்பதற்குமேல் ஒன்றும் தேறவில்லை. நானும் எளிய மொழியில்தான் எழுதுகிறேன். ஆனால் என் கதையைப் படித்த அண்ணன் மகள், “இது பெரியவங்க பேசற மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டாள். ஹின்டனிடம் அப்படி என்ன இருக்கிறது? பிடித்த ஓர் எழுத்தாளரை எப்படிப் பயில்வது?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் அண்ணன் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். ‘எளிய மொழி’ என்ற குறிப்பை முதலில் அடித்துவிடுங்கள். அறிவுரைப் புத்தகங்களும் எளிய மொழியில்தான் எழுதப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றைத் தேடிப்போய் வாசிப்பதில்லை.

கதை சொல்பவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்று பாருங்கள். நாவலின் முதல் வாக்கியத்தில், கதை சொல்லும் பையன் போனிபாய் சினிமாக் கொட்டகையின் இருட்டிலிருந்து வெயிலுக்குள் வருகிறான். அவன் மனதில் இரண்டே விஷயங்கள்: நடிகர் பால் நியூமன், வீட்டுக்குப் போக ஒரு வண்டி. 14 வயது மனதில் அந்த நேரத்தில் அவ்வளவுதான் இருக்கும். ‘அந்த நாள் என் வாழ்க்கையையே மாற்றப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது’ என்று நாமெல்லாம் எழுதிவிடுவோம். அப்படி எழுதியதுமே ஒரு பெரியவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் கதையிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஹின்டன் அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்தபோதே, 15 வயதில், இந்தக் கதையைத் தொடங்கினார். 1967-ல் புத்தகம் வந்தபோது அவருக்கு 18. தன் பள்ளியில் கண்ணெதிரே நடந்த கோஷ்டிச் சண்டைதான் கதைக்கு விதை. அந்த வயதுக்காரர் எழுதியதால்தான் அப்படி வந்தது என்று நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம். அவர் அந்த இடத்திலேயே இருந்தார். நாம் நடந்து அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெற்றோர் விபத்தில் இறந்துவிட, 20 வயது அண்ணன் டாரிதான் தம்பிகள் இருவரையும் வளர்க்கிறான். போனிபாய் ஓர் இரவு வெளியே காலி மனையில் தூங்கிப்போய், நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வருகிறான். டாரி நாற்காலியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். கத்துகிறான். நடு அண்ணன் சோடாபாப் தம்பிக்காகப் பேச வர, அவனிடமும் எரிந்து விழுகிறான். அதைப் பொறுக்காமல் போனிபாய் பதிலுக்குக் கத்த, ஓர் அறை விழுகிறது. அந்த வீட்டில் அதுவரை யாரும் அவனை அடித்ததில்லை. அண்ணனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, அவன் ஓடிவிடுகிறான். கதையின் அத்தனை துயரமும் அந்த ஓட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது அந்த நாற்காலியைப் பாருங்கள். பகலெல்லாம் உடல் நோக வேலை செய்கிறவன், விடிந்தால் மறுபடி வேலைக்குப் போக வேண்டியவன், அந்த நேரத்தில் பேப்பரோடு ஏன் விழித்திருக்கிறான்? போனிபாய் அதைப் பார்க்கிறான், நமக்கும் சொல்கிறான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசிக்கிற பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. நிறைய பக்கங்கள் கழித்து, மருத்துவமனையில், பெற்றோர் இறந்தபோதுகூட அழாத டாரி வாசலில் நின்று அழும்போதுதான் போனிபாய்க்கு அது புரிகிறது. இன்னொருவரையும் இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அத்தனை கோபமாக வந்திருக்கிறது.

இடைப்பட்ட அந்தப் பக்கங்களில் பிள்ளையை யாரும் கைபிடித்துக் கூட்டிப்போவதில்லை. ‘அவன் உன்மேல் பாசமாகத்தானே இருக்கிறான்’ என்று போனிபாயிடம் சொல்லத் துடித்துக்கொண்டே வாசிக்கிறது. அப்புறம், தன் வீட்டில் நேற்று விழுந்த திட்டையும் ஒருவேளை நினைத்துப் பார்க்கிறது. இதை ஆசிரியர் வாயால் சொல்லியிருந்தால் அறிவுரை. பேப்பரும் கையுமாக ஒருவனை உட்கார வைத்தது கலை. என்னை இன்றும் அசைப்பது அதுதான்.

நாவலில் குறைகள் உண்டு. போனிபாய் தன் தலைமுடி, கண் நிறமெல்லாம் வர்ணிக்கிறான். சூரிய அஸ்தமனம் அடிக்கடி வருகிறது, கண்ணீரும் அதிகம். எடிட்டிங் கற்றவர்கள் பாதியை வெட்டியிருப்பார்கள். நான் வெட்டமாட்டேன். அந்த வயதில் எல்லாரும் கண்ணாடி முன்னால் அப்படித்தான் நிற்கிறோம். தவிர, முழுக்கதையுமே ஆங்கில ஆசிரியருக்காக அவன் எழுதும் கட்டுரை என்று கடைசியில் தெரிகிறது. நாவல் தன் முதல் வாக்கியத்திலேயே போய் முடிகிறது. ஒரு மாணவன் எழுதினால் எப்படி வழியுமோ, அப்படித்தான் வழிகிறது.

இந்தப் புத்தகம் படமானதற்கும் ஒரு கடிதம்தான் காரணம். கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் கையெழுத்துப் போட்டு இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு எழுதினார்கள். 1983-ல் படம் வந்தது. பிள்ளைகள் இது எங்களுடையது என்று நினைத்த புத்தகம் இது.

பயில்வது எப்படி என்று கேட்டீர்கள். குறிப்பு எடுக்காதீர்கள். பிடித்த ஒரு காட்சியைக் கையால் அப்படியே எழுதிப் பாருங்கள். கண் தாண்டிப்போகிற வார்த்தையைக் கை தாண்டாது. பிறகு கதை சொல்பவனுக்குத் தெரிந்ததை ஒரு நிறத்திலும், அவன் பார்த்தும் புரிந்துகொள்ளாததை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். இரண்டாவது நிறம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நிதானமாக நில்லுங்கள். அடுத்து உங்கள் கதையிலும் அதே இரண்டு நிறங்கள். இரண்டாவது நிறமே விழவில்லை என்றால், அண்ணன் மகள் எதைச் சொன்னாள் என்று காகிதத்திலேயே தெரியும்.

இன்னொரு பயிற்சியும் செய்யுங்கள். அந்த அறை விழும் காட்சியை டாரி சொல்வதாக இரண்டு பக்கம் எழுதுங்கள். பேப்பரில் எந்த வரியை அவன் திரும்பத் திரும்பப் படித்தான், வாசலில் சத்தம் கேட்டதும் முதலில் என்ன நினைத்தான் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதை எனக்கு அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.