முதல் வகுப்புக்கு முன் ஒரு பக்கத் தாள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கூறினார்கள். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம். இரண்டிரண்டு சொற்களாகச் சேர்த்துப் பேசுகிறான், எழுத்துகளை அடையாளம் காட்டுகிறான். ஆனால் பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். யு.கே.ஜி. படிக்கும் தனியார் பள்ளியில், முதல் வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டார்கள். சென்னையில் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமியார் பேரன்மீது உள்ள பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனாலும் இந்த ஓராண்டை வீட்டில் கழிக்க வேண்டாம். பிற குழந்தைகளோடு வரிசையில் நிற்பதையும், தன் முறைக்குக் காத்திருப்பதையும், அம்மா அல்லாத ஒருவரிடம் தண்ணீர் கேட்பதையும் பிள்ளை வீட்டுக்குள் இருந்து கற்றுக்கொள்வது கடினம்.

விடுதி யோசனையையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். வயிறு வலிக்கிறது என்றோ, யாரோ அடித்துவிட்டார்கள் என்றோ முழுதாகச் சொல்லத் தெரியாத ஐந்தரை வயதுப் பிள்ளையைப் பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் விடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. மேலும், பல் துலக்குவது, சட்டை மாட்டுவது, கடைக்குச் சென்று வருவது போன்றவற்றை அவன் எந்த வீட்டில், எந்தத் தெருவில் வாழப்போகிறானோ அங்கேயே பழகினால்தான் அவை நிலைக்கும். சென்னைக்குச் செல்வதானால், முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிப்மெட் என்னும் மத்திய அரசு நிறுவனத்தில் முழுமையான மதிப்பீடு செய்துகொண்டு, வீட்டில் தொடர வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

அப்படியானால் எந்தப் பள்ளி என்பீர்கள். அதற்கு முன், ஒரு பக்கத்துக்கு மிகாமல் உங்கள் மகனைப் பற்றி எழுதுங்கள். சிறுநீர் வந்தால் எப்படித் தெரிவிப்பான், அழுகைக்கு முன் அவனிடம் என்ன மாற்றம் தெரியும், எதைக் கொடுத்தால் அமைதியாவான், ஓரிடத்தில் எத்தனை நிமிடம் உட்காருவான், எதைப் பார்த்தால் முகம் மலர்வான் என்பவை அதில் இருக்கட்டும். மருத்துவ அறிக்கையைப் படித்து ஆசிரியர் தெரிந்துகொள்வதைவிட இந்தத் தாளில் தெரிந்துகொள்வது அதிகம் என்பதைப் பல வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன்.

இந்தத் தாளோடு, வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் செல்லுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது பிள்ளைகள் அடைபட்டிருக்கும் பெயர்பெற்ற பள்ளியைக் காட்டிலும், இருபது பிள்ளைகளும் பொறுமையான ஆசிரியையும் உள்ள பள்ளி உங்கள் மகனுக்கு ஏற்றது என்றே கருதுகிறேன். தாளாளரிடம் பேசுவதோடு நிறுத்தாமல், முதல் வகுப்பு ஆசிரியையையும் அவசியம் சந்தியுங்கள். கழிவறைக்கு ஆயம்மா உடன் வருவாரா, மணி இருக்கும் இடத்திலிருந்து தள்ளி அவனை உட்காரவைக்க முடியுமா, மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே அவனிடம் சொல்லிவிட முடியுமா, கூச்சல் மிகும்போது சற்று நேரம் ஒதுங்கி இருக்க ஓர் இடம் உண்டா என்று கேளுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பொதுவான பதிலோடு திருப்தியடையாதீர்கள். 'முதல் வாரம் நீங்களும் வந்து உட்காருங்கள், பழகிக்கொள்கிறேன்' என்று சொல்லும் ஆசிரியை கிடைத்தால் அந்தப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள்.

சேர்த்த பிறகு, தலைமையாசிரியர் வழியாக உங்கள் வட்டார வள மையத்தை அணுகுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் பணியாற்றுகிறார்கள். அவர்களுள் ஒருவர், வகுப்பாசிரியை, நீங்கள் என மூவரும் அமர்ந்து அவனுக்கென ஒரு தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மூன்று இலக்குகள் போதும். 'கழிவறைக்குப் போக வேண்டும் என்பதைப் படம் காட்டித் தெரிவிப்பான்' என்பது ஓர் இலக்கு. 'நன்றாகப் படிப்பான்' என்று எழுதினால் அதை அளக்கவே முடியாது.

சட்டத்தையும் அறிந்து வைத்திருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி கட்டணமின்றிக் கற்கலாம் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. எனவே மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். 'வேறு இடம் பாருங்கள்' என்ற பள்ளியிடம் அதை எழுத்தில் கேளுங்கள். முறையிட வேண்டிய நிலை வந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் காட்ட அது உதவும். ஆனால் விருப்பமில்லாத ஆசிரியரிடம் சட்டத்தைக் காட்டிப் பிள்ளையை உட்காரவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓராண்டு கழித்துத் திட்டத்தை மறுபடி பாருங்கள். பொதுப் பள்ளியில் அவன் நாள்தோறும் துன்புற்றால், உங்கள் ஊருக்கு அருகிலேயே பகல்நேரச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வாய்மொழியாக எதையும் தெளிவாக விளக்குவாள். எழுதினால் ஒவ்வொரு வரியிலும் எழுத்துகள் மாறிவிடுகின்றன. டிஸ்லெக்சியா என்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவாள்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே கேட்டீர்களே, மிக நல்லது ஐயா. பலர் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகே ஓடி வருகிறார்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் அடங்கும். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழ் பெற்றுக்கொண்டால், தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகளைக் கோரலாம். ஆனால் பிறர் எழுதும்படி விடையைச் சொல்வதும் ஒரு திறமையே. காற்புள்ளி எங்கே, பத்தி எங்கே, கணக்கின் அடுத்த படி எங்கே என்று சொல்லிப் பழகாத பிள்ளை தேர்வறையில் திணறிப்போகும். ஒன்பதாம் வகுப்பின் எல்லாத் தேர்வுகளையும் அதே முறையில் எழுத அனுமதிக்குமாறு பள்ளியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாடச் சுமை தாங்கவில்லையென்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே ஒரே ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களைத் தேர்ந்துகொண்டு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம்.