நேஷனல் புக் அவார்டும் அதே விழாவில் தரும் பதக்கமும் ஒன்றா?

இல்லை. ஒரே மேடையில் கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம். அமெரிக்க இலக்கிய விருதான நேஷனல் புக் அவார்டு அந்த ஆண்டில் வந்த ஒரு புத்தகத்துக்கு. நீங்கள் கேட்ட பதக்கம் (Medal for Distinguished Contribution to American Letters), அமெரிக்க இலக்கியத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பங்களித்தவருக்கு. விருதை நடத்தும் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் 1988 முதல் இதைத் தருகிறது. கூடவே 10,000 டாலர். நாவலாசிரியர் டோனி மாரிசன் 1996-இலும் நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 2001-இலும் பெற்றார்கள்.

2003-இல் ஸ்டீபன் கிங்குக்குக் கொடுத்தபோது பெரிய சண்டையே நடந்தது. திகில் கதை எழுதுபவருக்கா என்று விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கொதித்தார். கொடுத்தது சரி என்பேன். கோடிக்கணக்கானவர்களைப் படிக்க வைத்ததும் பங்களிப்புதானே?

எனக்கு மறக்கவே முடியாதது 2014. அன்று பதக்கம் பெற்ற எழுத்தாளர் உர்சுலா லெ குவினுக்கு வயது 85. அறிவியல் புனைவு எழுதியதால் பல காலம் ஒதுக்கப்பட்ட சக எழுத்தாளர்களோடு இந்தப் பரிசைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார். அப்புறம், பதிப்பாளர்கள் உட்கார்ந்திருந்த அதே அரங்கில், தன் சொந்தப் பதிப்பகங்களே மின்னூலுக்குப் பொது நூலகங்களிடம் வாசகர்களைவிட ஆறேழு மடங்கு விலை வாங்குவதாக நேருக்கு நேர் சொன்னார். ஏறக்குறைய ஆறு நிமிடப் பேச்சு. யூடியூபில் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள்.