தலைப்பாகையோடு போனது

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பன்னிரண்டு வருடங்களாக பைக் ஓட்டுகிறேன். விபத்து என்று எதுவும் நடந்ததில்லை. மூன்று வாரங்களுக்கு முன்னால், சிக்னல் இல்லாத ஒரு சந்திப்பில், எதிர்ப்பக்கம் திரும்புவதற்காகக் காத்திருந்த கார் என் பாதைக்குக் குறுக்கே வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. அது கடந்ததும் கார் திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் சறுக்கி, வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போய், கார் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்து, "சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லைங்க" என்றார். பட்டப்பகல். என் ஹெட்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்?

வீட்டில் "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, விடு" என்கிறார்கள். என் திறமைதான் காப்பாற்றியது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ அந்தச் சந்திப்பு வந்தாலே கை நடுங்குகிறது. அவர் மேல் கோபமும் அடங்கவில்லை. ஓட்டுவதையே நிறுத்திவிடலாமா? நீங்கள் நெடுங்காலம் ஓட்டியவர் என்பதால் கேட்கிறேன். வெளியிடுவதானால் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் பெரிய நிம்மதி. வீட்டில் சொன்னதும் அந்த நிம்மதியில் வந்த வார்த்தைதான். ஆனால் "விடு" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். அந்தத் தலைப்பாகையைக் கையில் எடுத்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

நண்பர்கள் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. என் இருபத்தாறாவது வயதில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் லாரியை ஓவர்டேக் செய்தேன். எதிரே இன்னொரு லாரி. இரண்டுக்கும் நடுவில் நுழைந்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கதையை ஒரு வருடம் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அப்புறம் வேறொரு வளைவில் அதையே செய்தேன். இந்த முறை நடுவில் இடமில்லை. சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் புரிந்தது. முதல் தடவை தப்பித்ததிலிருந்து நான் கற்றுக்கொண்டது "நுழைந்துவிடலாம்" என்பதை மட்டும்தான். மயிரிழையில் தப்பியவனுக்கு அந்த அனுபவம் தப்பான பாடத்தையும் சொல்லிக்கொடுக்கும், அதுவும் மிக அழுத்தமாக.

சரி, உங்கள் சந்திப்புக்கு வருவோம். அந்தக் கார்க்காரர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எதிரே வரும் பைக்கின் முகம் மிகக் குறுகலானது. தூரத்தில் இருக்கும்போது அது பெரிதாகிக்கொண்டு வருவதே கண்ணுக்குத் தெரியாது, அருகில் வந்தபின் சட்டென்று பெரிதாகும். அதனால் பார்த்தவர்கூட அதன் வேகத்தைத் தவறாகக் கணிப்பார். பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் கணத்தில் கண் எதையும் சரியாகப் பதிவு செய்வதில்லை. காரின் முன் கண்ணாடியைத் தாங்கும் தூண் ஒரு முழு பைக்கையே மறைக்கக்கூடியது. உங்கள் விஷயத்தில் இது எதுவுமே தேவைப்படவில்லை. வேனே போதும். அவர் வேனுக்காகக் காத்திருந்தார். வேன் கடந்ததும் சாலை காலி என்று அவர் மனம் முடிவு செய்துவிட்டது. நீங்கள் வேனின் முதுகுக்குப் பின்னால் இருந்த வரைக்கும் உங்கள் ஹெட்லைட் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

தவறு அவருடையதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். குறுக்கே திரும்புகிறவர்தான் நேரே வருபவருக்கு வழிவிட வேண்டும். இது பழைய கதையும்கூட. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. கோபத்துக்கு இது போதுமான நியாயம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆபத்து தொடங்கிய கணத்திலிருந்து மோதும்வரை ஓட்டியவருக்குப் பொதுவாகக் கிடைத்தது 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலரும் செய்தது, பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டது. நீங்கள் எழுதியதும் அதுவேதானே? "மிதித்தேன்" என்கிறீர்கள், "பிடித்தேன்" என்று ஒரு வார்த்தை இல்லை.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடும், அதனால் எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும். முன்சக்கரமோ தரையில் அழுந்தி இன்னும் நன்றாகப் பிடிக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பலரும் அதைத் தொடப் பயப்படுவதற்குக் காரணம், எப்போதோ ஒரு தடவை வெடுக்கென்று பிடித்து விழுந்திருப்பார்கள், அல்லது விழுந்தவர் சொல்லிக் கேட்டிருப்பார்கள். வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. ஈரத்துணியைப் பிழிவதுபோல, முதலில் லேசாக, பாரம் முன்னால் வந்ததும் இறுக்கமாக. காலியான, காய்ந்த இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி இதைப் பத்திருபது தடவை செய்யுங்கள். வண்டியில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருந்தாலும் செய்யுங்கள். பயத்தில் கைக்கு எது பழக்கமோ அதுதான் வரும்.

இருந்தாலும் நான் அதிகம் சொல்ல விரும்புவது பிரேக்கைப் பற்றி அல்ல. நடந்ததை மனதில் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். சறுக்கிய இடத்தில் நிறுத்த வேண்டாம், அதற்கும் முன்னால் போங்கள். கார் திரும்பியது, அதற்கு முன் வேன் கடந்தது, அதற்கு முன் நீங்கள் வேனுக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கமாக இருந்தீர்கள்? சந்திப்பு வருவது தெரிந்ததா? ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, வேனுக்குப் பின்னால் இடைவெளி விட்டிருந்தால், கார்க்காரர் உங்களைப் பார்த்திருப்பார், நீங்களும் காரைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதமே எழுதப்பட்டிருக்காது. அப்படிச் சின்ன அசைவு ஒன்றே போதுமாக இருந்த இடம் எது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் நாலைந்து விநாடிகள் முன்னால் இருக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். காய்ந்த சாலையில், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க 1 விநாடி ஆகிறது, பிறகு நன்றாகவே பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 28 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-இல் வந்தால், அதே 28-ஆவது மீட்டரில் வண்டி இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் போட்டேன். சந்திப்பை நெருங்கும்போது இரண்டு விரல்களை முன் பிரேக்கின் மேல் தயாராக வைத்திருந்தால் கால் விநாடி மிச்சமாகும். 60-இல் அது 4 மீட்டர். உங்களுக்கு மிஞ்சியது ஒரு சாண்.

கடிதத்தை வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. அதன் அருமை தெரிய ஒரு சம்பவம் சொல்கிறேன். 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த டிடபிள்யூஏ என்ற நிறுவனத்தின் விமானம் ஒரு மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு அளவுக்கு மீறித் தாழ இறங்கியிருந்தார்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம், அதே குழப்பத்தால், அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதன்பிறகு, 1976-இல், தப்பிய கதைகளை விமானிகள் பெயர் வெளியாகாமல் எழுதி அனுப்ப நாசா நடத்தும் ஓர் ஏற்பாடு வந்தது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கை நடுக்கம் பற்றி: உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டுவதை நிறுத்துவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். நெரிசல் இல்லாத நேரத்தில் சின்னத் தூரம் ஓட்டிப் பாருங்கள். இன்னும் சில வாரங்கள் கழித்தும் தூக்கத்தில் அந்தக் கார் வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு முன் ஒன்று செய்ய முடியுமா? ஒருநாள் அந்தச் சந்திப்புக்கு நடந்து போங்கள். அந்தக் கார் நின்ற இடத்துக்கு நேராகச் சாலையோரத்தில் அரை மணி நேரம் நின்று, அவர் பார்த்த திசையில் பாருங்கள். வேன்களுக்கும் லாரிகளுக்கும் பின்னால் எத்தனை பைக்குகள் திடீரென்று முளைக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்