துளசிக்குக் குறைவது உரமா, வெளிச்சமா?

கேள்வி: பெரம்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். துளசி ராத்திரியும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸ்அப்பில் படித்து, சமையலறை ஜன்னலோரம் ஒரு தொட்டி வைத்தேன். இரண்டு வேளையும் தண்ணீர், மாதாமாதம் மண்புழு உரம். இருந்தும் தண்டு ஒல்லியாக நீள்கிறது. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வேறு என்ன உரம் போடலாம்?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். உங்கள் துளசி பட்டினி கிடக்கிறது, ஆனால் உரம் அதன் சாப்பாடு அல்ல; குழம்புக்கு உப்பு மாதிரிதான். சாப்பாடு என்பது சர்க்கரை. காற்றின் கார்பன் டை ஆக்சைடையும் வேர் உறிஞ்சிய தண்ணீரையும் வைத்து, வெயிலை அடுப்பாக்கி, இலையே அதைச் சமைக்கிறது. அப்போது வெளியேறுவது ஆக்சிஜன். இது ஒளிச்சேர்க்கை.

சமைத்ததைச் சாப்பிடவும் வேண்டுமே! அதே சர்க்கரையை ஆக்சிஜன் கொண்டு உடைத்து, ஆற்றலை எடுத்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் திருப்பி விடுவது சுவாசம். பகலில் ஒளிச்சேர்க்கை, ராத்திரியில் சுவாசம் என்று செடி ஷிஃப்ட் பார்ப்பதில்லை. சுவாசம் 24 மணி நேரமும், வேர் நுனி வரைக்கும் உண்டு. நல்ல வெயிலில் சமையல் பல மடங்கு வேகமாக நடப்பதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

1771இல் ஆங்கில விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி அணைந்துபோன காற்றில் புதினாவை வளர்த்து, சில நாளில் அதே காற்றில் மெழுகுவத்தியை எரியவைத்தார். புதினா துளசிக்குப் பங்காளிதான், ஒரே குடும்பம். வெளிச்சம் இருந்தால்தான், அதுவும் பச்சைப் பாகம்தான் இதைச் செய்யும் என்று 1779இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ் காட்டினார். வாட்ஸ்அப்புக்கு அன்றே பதில் வந்துவிட்டது. ராத்திரி துளசியும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஒரு தொட்டி எடுப்பது சொற்பம், பயம் வேண்டாம்.

வெளியே உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). எதிர் ஃபிளாட் சுவர் மறைக்கும் ஜன்னல் மேடையில் சில நூறு இருந்தாலே பெரிது. கண் பழகிவிடுவதால் நமக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் சம்பாதிப்பது செலவுக்கே காணாது. செடி கையிருப்பைத் தின்ன ஆரம்பிக்கும். கீழ் இலையில் உள்ள சத்தை உருவி நுனிக்கு அனுப்பி, வெளிச்சம் தேடித் தண்டை நீட்டும். சூடு ஏறினால் சுவாசமும் ஏறும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜனவரியில் 21 டிகிரிக்கு இறங்கும் சென்னை ராத்திரி, மே மாதத்தில் 28ஐ ஒட்டியே நிற்கும். கத்திரி வெயில் நாட்களில் நிழலில் இருக்கும் செடிதான் ராத்திரியில் அதிகம் இளைக்கும்.

அடுத்தது தண்ணீர். வேருக்குச் சர்க்கரை மேலிருந்து வந்துவிடும். சுவாசிக்க ஆக்சிஜன் மண்ணின் இடுக்கிலிருந்துதான் வரவேண்டும். இரண்டு வேளை ஊற்றினால் அந்த இடுக்கெல்லாம் அடைபட்டு வேர் மூச்சுத் திணறும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டி, சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. மண்ணை மாற்றுங்கள். இனி மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பூஜைக்குத் தினமும் விட்டே ஆகவேண்டும் என்றால் ஓர் உத்தரணி விடுங்கள், சொம்பு வேண்டாம்.

தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். எடுத்த எடுப்பில் முழு வெயில் காட்டினால் நிழலில் வளர்ந்த இலை கருகிவிடும்; முதல் வாரம் காலை ஒன்பது மணி வரை போதும். வீட்டுக்குள்ளும் துளசி வேண்டுமென்றால் இரண்டு தொட்டி வைத்து, சில நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பூங்கதிரைக் கிள்ளிவிடுங்கள், விதைக்குப் போகும் சர்க்கரை மிஞ்சும். உதிர்ந்த இடத்தில் அதே இலை திரும்ப வராது. புதுத் தளிர்கள் நெருக்கமாக வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.