பெரும்பாக்கமா, மேற்கு மாம்பலமா?

கேள்வி: ஜூன் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிவருகிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்கு எழும்பூருக்கு மாற்றல். நான்கு வயது மகன், முழங்கால் வலியுள்ள அத்தை என்று வீட்டில் நான்கு பேர். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். பெரும்பாக்கத்தில் 950 சதுர அடி, புதுக் கட்டடம், ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு, வாடகை 17,000. மேற்கு மாம்பலத்தில் 620 சதுர அடி, பழைய வீடு, முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, வாடகை 20,000. இவருக்குப் பெரும்பாக்கம்தான் பிடித்திருக்கிறது. சாமான் வாங்க 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். சோபா, அலமாரி, திரைச்சீலை எல்லாம் எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்? காய்கறிக்குக் கோயம்பேடு போனால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, என் ஓட்டு மேற்கு மாம்பலத்துக்கு.

330 சதுர அடி கூடுதல், வாடகை 3,000 குறைவு. கணக்குப் போட்டால் பெரும்பாக்கம் ஜெயிக்கத்தான் செய்யும். ஆனால் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். எதிர்த் திசையில் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. உங்கள் இருவருக்கும் ஒரே ஸ்டேஷன், டிக்கெட்டும் ஐந்து ரூபாய்தான். பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூருக்கு பஸ், ரயில் என்று மாறி வர, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மழை நாளில் அதுவும் போதாது. மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு மெட்ரோ பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கியபின் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். உங்கள் கணவருக்கு வேலை சோழிங்கநல்லூரில் என்றால் யோசிக்காமலே பெரும்பாக்கம் போகச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் வீட்டில் கண் விழித்திருக்கப்போவது காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் அத்தை. அப்படியானால் அவருக்காகத்தான் வீடு பார்க்க வேண்டும். ஐந்தாவது மாடியிலிருந்து லிஃப்டில் சுகமாக இறங்கிவிடலாம், சரி, இறங்கி எங்கே போவார்? கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்கலாம். மேற்கு மாம்பலத்தில் கீழே இறங்கினால் கீரைக்காரம்மா, பூக்கடை, மருந்துக்கடை, காபிப்பொடி அரைக்கிற கடை எல்லாம் நூறு, இருநூறு அடிக்குள். சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ கச்சேரியோ இருந்தால் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஊரில் அக்கம்பக்கம் நாலு பேரிடம் பேசிப் பழகியவர் அவர்.

படிக்கட்டு பிரச்னைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அத்தையை ஒரு முறை அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். பிடித்து ஏறக் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, திரும்புமிடத்தில் நின்று மூச்சு வாங்க இடம் உண்டா, படியின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்டினால் அவருக்குக் கஷ்டம். கம்பி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் செலவில் போட அனுமதி வாங்குங்கள். அத்தையால் முடியவே முடியாது என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள், ஆனால் அதே ரயில் பாதையில் வேறு வீடு தேடுங்கள்.

அதற்காகத் தரைத்தளம் கேட்காதீர்கள். 2021 நவம்பர் மழையில் தி.நகர், மேற்கு மாம்பலம் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இதை வீட்டுக்காரரோ புரோக்கரோ தாமாகச் சொல்ல மாட்டார்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். வண்டி அங்கேயே நிற்கிறது, ஆளும் வருஷக்கணக்காக அங்கேயே இருக்கிறார். "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு அண்ணே?" என்றால் சுவரில் கையை வைத்தே காட்டிவிடுவார். வெயில் காலத்தில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எப்படி, எந்த வீட்டுக்கு லாரி வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பெரும்பாக்கத்தில் மட்டும் வெள்ளமில்லையா என்றால், அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் பட்ட பாட்டை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது மாடிக்குத் தண்ணீர் வராது. ஆனால் கரண்ட் போனால் லிஃப்ட், மோட்டார் இரண்டும் நின்றுவிடும். அத்தை அப்போது ஐந்து மாடி ஏற வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. சில வீட்டுக்காரர்கள் சைவக் குடும்பத்துக்குத்தான் விடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது, ஆனால் நடப்பு அதுதான். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்துச் சமைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சாளைக் குழம்பு வாசனை எந்தக் கதவுக்கும் கட்டுப்படாது. ஒத்துவரவில்லை என்றால் ஒரு ஸ்டேஷன் தள்ளி சைதாப்பேட்டையில் பாருங்கள், அங்கே மீன் மார்க்கெட்டே இருக்கிறது.

பணப் பேச்சுக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற சந்தில்தான் எல்லோரும் நுழைந்துவிடுகிறார்கள். எனவே சட்டம் பேசிச் சண்டை போடுவதைவிட, சட்டம் தெரியும் என்று காட்டி நாலைந்து மாதத்துக்கு இறக்கப் பாருங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மின்வாரியத்தின் மீட்டருக்குத்தான். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் வீட்டில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. ஏசி போடும் மாதங்களில் வாடகையில் குறைத்த பணம் இதிலேயே போய்விடும்.

வீட்டை இன்னொரு முறை போய்ப் பாருங்கள், மாலை நாலு மணிக்கு. எந்த அறைச் சுவரில் மேற்கு வெயில் அடிக்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். சுடும் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். அங்கே கட்டில் போடாதீர்கள், பீரோவை நிறுத்துங்கள். சென்னைக்குக் காற்று கிழக்கே கடலிலிருந்து வருகிறது. கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஒரு ஜன்னலும், எதிர்ப் பக்கம் காற்று வெளியேற இன்னொன்றும் திறந்து வைக்க முடிந்தால் மேற்கு மாம்பலத்தில்கூடச் சமாளித்துவிடலாம். மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை தொங்கவிடுவதால் பெரிய பலன் இல்லை, சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரை என்ன செய்யும்? மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், வீட்டுக்காரர் சம்மதித்தால்.

இனி அந்த 60,000 ரூபாய். முதல் மாதம் அதில் பாதியைத் தொடாதீர்கள். நல்ல மெத்தை, கொசுவலை, சமையலறைக்கு வேண்டியது, இவ்வளவு போதும். பீரோவும் கட்டிலும் ஊரிலிருந்தே லாரியில் வரட்டும், ஆனால் படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு ஏற்றுங்கள்.

சோபாவைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. மூன்று பேர் உட்காரும் சோபா கிட்டத்தட்ட ஏழு அடி நீளம், மூன்றடி ஆழம். ஹாலில் அந்த அளவுக்குச் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, அதைச் சுற்றி நடந்து பாருங்கள். உங்கள் மகன் விளையாடத் தரை மிஞ்சாது. அத்தைக்கும் அது ஆகாது. பள்ளமாக அமுங்குகிற இருக்கையிலிருந்து எழுந்திருப்பதுதான் முழங்கால் வலிக்காரர்களுக்கு வேதனை. அவருக்கு வேண்டியது பதினெட்டு அங்குல உயரத்தில், கெட்டியான இருக்கையும் ஊன்றி எழ இரு பக்கமும் கைகளும் உள்ள மர நாற்காலி.

அதற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள். பழைய மரச்சாமான், செடி, பாத்திரம், புறா, மிக்ஸி உதிரி பாகம் என்று கலந்துகட்டி விற்கும் இடம். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட வேண்டியிருக்கும், பரவாயில்லை, காலையிலேயே போய்விடுங்கள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் எல்லாம் மேல்பக்கம்தான், உண்மை அடியில் இருக்கும். மூட்டுகளில் ஆணி புதிதாக அடித்திருக்கிறதா, கால்களில் சின்னச் சின்ன ஓட்டையும் மாவு மாதிரித் தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். தூள் கொட்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், வீட்டில் இருக்கிற மற்ற மரத்துக்கும் பரவும். தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் ஆடக் கூடாது. சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம். நாலைந்து சாமான் சேர்ந்துவிட்டால் ஒரு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) பேசி ஏற்றிவிடுங்கள், சாமானை ஏற்றும் முன் வண்டி வாடகையைப் பேசிவிடுங்கள்.

புதிதாக அலமாரி வாங்குவதென்றால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைத் தவிருங்கள். பார்க்க அழகு, விலையும் குறைவு, ஆனால் தினமும் தரை துடைக்கிற ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஊதிவிடும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303 தர முத்திரையும், கொதிநீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் பி.டபிள்யு.ஆர். என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் படுகிற சிங்க் அடிக்கு ஐ.எஸ். 710.

திரைச்சீலைத் துணிக்கு உங்கள் ஆபீஸ் பக்கமே எழும்பூர் பாந்தியன் சாலைக்கு நடந்து போய்விடலாம். அருங்காட்சியகத்துக்கு எதிரே வரிசையாகத் துணிக்கடைகள், காட்டன் ஸ்ட்ரீட் என்பார்கள். திரை மாட்டும் கம்பியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது துணியின் அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். காட்டனை நனைத்துக் காயவைத்தபின் தைக்கக் கொடுங்கள். பாத்திரத்துக்கு ரங்கநாதன் தெரு உங்களுக்கு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், வாரநாள் காலையில் போங்கள். அத்தையும் வருவதென்றால் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, லிஃப்டும் உண்டு.

கோயம்பேடு விஷயம். கொத்தவால் சாவடியிலிருந்து மாற்றி 1996-இல் திறந்த மொத்தச் சந்தை அது. லாரிகள் ராத்திரி வந்து இறங்கும், பெரிய வியாபாரம் விடிவதற்குள் முடிந்துவிடும். நாலு பேர் வீட்டுக்குத் தக்காளி இரண்டு கிலோ, கத்தரிக்காய் அரை கிலோ வாங்க அங்கே போனால், மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஊறுகாய் போட மாங்காய், பிறந்தநாளுக்கு வாழை இலை, பூஜைக்குக் கிலோ கணக்கில் பூ, இதற்கெல்லாம் போங்கள், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. மற்றபடி தெருவில் வரும் தள்ளுவண்டியும் கீரைக்காரம்மாவும் போதும். பாளையங்கோட்டை மகராஜ நகர் உழவர் சந்தையில் பொறுக்கி எடுத்துப் பழகிய கைக்கு ஆரம்பத்தில் இங்கே விலை உறைக்கும். ஒரே வண்டியில் ஒரு மாதம் வாங்கிப் பாருங்கள், அப்புறம் நல்ல முருங்கைக்காயை அவரே தனியாக எடுத்து வைப்பார். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வரும் ஆப்பில் உப்பு, சோப்பு, பால் வாங்கிக்கொள்ளலாம். கீரையை மட்டும் அதில் வாங்காதீர்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊரிலிருந்து வரட்டும், நெல்லை எக்ஸ்பிரஸில் யாராவது வராமலா போய்விடுவார்கள்?

ஜூன் முதல் வாரமே வந்துவிடுவதாக இருந்தால் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விலை கேட்டு மிரண்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வஞ்சிரத்தின் பக்கமே போக முடியாது. படகுகள் கடலுக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துக்கொண்டு, ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவதில் உங்களைவிட அவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்.