ஃபஸ் பெடல் இருந்தும் ஸ்டோனர் ராக் ஒலி தடிமனாக வராதது ஏன்?

ஸ்டோனர் ராக் என்பது கனத்த, மெதுவான ராக் வகை; ஃபஸ் பெடல் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக உடைக்கும் கருவி. டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் உங்கள் கிட்டார் காணாமல் போகிறதா? குறை மிட்டில்தான், அதாவது நடுத்தர அதிர்வெண் ஒலியில். பிக் மஃப் வகை ஃபஸ் மிட்டைக் குடைந்தெடுத்துவிடும். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மிட் 7, ட்ரெபிள் (உயர் ஒலி) 5, பேஸ் (தாழ் ஒலி) 4 வைத்துத் தொடங்குங்கள். ஆம்ப்பின் கெயின் (உள்வரும் ஒலியைக் கூட்டும் குமிழ்), ஒலி உடைவதற்குச் சற்று முன்பே நிற்கட்டும். பெடலில் ஃபஸ் அளவைக் கூட்டும் சஸ்டெயின் குமிழ் பாதி போதும். அதற்கு மேல் கூட்டினால் தடிமன் வராது, கொழகொழப்புதான் வரும்.

அடுத்தது சுருதி. கலிஃபோர்னியா பாலைவனத்துக் கியூஸ் என்ற ஸ்டோனர் ராக் குழுவில் கிட்டார் கலைஞர் ஜோஷ் ஹோம் தந்திகளின் சுருதியை வழக்கமான ஈ-யிலிருந்து சி வரை இறக்கி, பேஸ் கிட்டாருக்கான ஆம்ப் வழியே வாசித்தார். அப்படி நான்கு அரைச்சுரம் இறக்க 12-56 தந்தி (மெல்லியது 0.012, தடித்தது 0.056 அங்குலம்) போடுங்கள். அதைவிட மெல்லிய 10-46 தந்தி தொளதொளத்து, அடித்த கணம் சுருதி மேலேறி விழும். தந்தி மாற்றியதும் இன்டொனேஷனை (கழுத்து முழுவதும் சுருதி சரியாக இருப்பதை) சரிசெய்யுங்கள். தடித்த தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் சிக்கினால் பள்ளத்தை லேசாக அராவ வேண்டும்.